கறுத்துப்போன பில்

கண்ணாடி மேசைக்கு அந்தப் பக்கம் நிற்கும் விற்பனையாளர், அவள் நீட்டிய பில்லை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடிக்கிறார். அப்பாவின் காது மெஷினுக்கு ஏழு மாதத்துக்கு முன் இதே கடையில் கொடுத்த பில். கண்ணை இமை காப்பதுபோல் காக்கத்தான் மறுநாளே அதை லேமினேஷன் போட்டாள். அந்தச் சூட்டில் தேதி, விலை, கடைப் பெயர் எல்லாம் போய், இப்போது அடுப்புக்கரியாய் மின்னுகிறது. "இந்தத் தாள் சூடு பட்டா கறுத்துடும்மா. நிறைய பேர் இப்படித்தான் கொண்டு வர்றாங்க." "அத விக்கும்போதே ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" "நீங்க கேக்கலையே." "கம்ப்யூட்டர்ல இருக்குமே?" "பழசெல்லாம் அழிச்சாச்சு." "உங்க கையாலதானே வித்தீங்க?" "ஞாபகம் இருக்கும்மா. ஆனா ஞாபகத்துக்கு வாரண்டி கிடையாதே." அவர் பில்லைப் பூப்போல மேசைமேல் வைக்கிறார். வாரண்டிக்கு இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது. பின்னால் நாற்காலியில், செத்துப்போன மெஷினை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, இருவரின் வாயசைவையும் பார்த்துச் சிரித்தபடி இருக்கும் அப்பா, கடை அதிரக் கேட்கிறார்: "மாத்தித் தர்றாங்கல்ல? நீதான் பில்ல பத்திரமா வெச்சிருந்தியே!" மற்ற வாடிக்கையாளர்கள் திரும்புகிறார்கள். அவருக்கு மெதுவாகப் பதில் சொல்ல வழியில்லை. கத்தித்தான் சொல்லியாக வேண்டும்.