மடங்காத கொம்பு

ஹல்துமுல்லைக்கு மேலே, தேயிலை முடிந்து காடு தொடங்கும் இடத்தில், விழுந்து கிடக்கும் பட்டமரத்தின் முன் தவமலர் மண்டியிட்டிருக்கிறாள். பக்கத்துக் கல்லில் அவள் கணவர் யோகராசா. உயிரியல் வாத்தியாராக இருந்தவர். நீண்ட மூக்குள்ள ஆதிக் கூன்வண்டுகளைத் தேடி லீவு நாளெல்லாம் இந்தக் காட்டில் அலைந்தவர். சீனி வருத்தத்தில், நீரிழிவில், முதலில் பாதங்கள் மரத்துப்போயின; சென்ற வருஷம் பார்வையும் போய்விட்டது. பனி விலகி, மரப்பட்டையில் மஞ்சள் வெயில் விழுகிறது.

“ரெண்டு இருக்குங்க,” என்று கிசுகிசுக்கிறாள்.

“உணர்கொம்பு முழங்கை மாதிரி மடங்கியிருக்கா?”

“இல்லீங்க. நேரா இருக்கு.”

அவர் கல்லிலிருந்து முன்னால் சாய்கிறார். கொம்பு மடங்காவிட்டால் பழைய வம்சம். செத்த வண்டுகளை எத்தனையோ பார்த்தவர், முட்டையிட மரம் துளைக்கும் ஜோடியை உயிரோடு ஒருநாளும் கண்டதில்லை.

“என்ன செய்யுதுக? சொல்லு புள்ள.”

“பொண்ணு மூக்கால மரத்தத் தொளைக்குது. ஆணு அதுமேல காலப் போட்டுக் காவல் நிக்குது.”

அவர் சிரிக்கிறார். முகம் மட்டும் மரத்தைத் தவறவிட்டுப் பள்ளத்தாக்கின் பக்கம் திரும்பியிருக்கிறது. கீழே பெரகல வளைவில் ஒரு பஸ் ஹார்ன் அடித்துப் போகிறது. சற்றுப் பொறுத்து ஆண்வண்டு விலகி நகர்கிறது. தவமலர் அதை மெல்ல எடுத்து, அவர் நீட்டிய உள்ளங்கையில் விடுகிறாள். குச்சி போல் மெலிந்த அந்த வண்டு, கொம்புகளால் தடவித் தடவி, அவருடைய ரேகைகளின் மேல் நடக்கிறது. கட்டைவிரல் வரை போய்த் திரும்புகிறது.

கையை அசைக்காமல் அவர் காத்திருக்கிறார்.

“சீக்கிரம் கையில வை மலர்,” என்கிறார். “பறந்திடப் போகுது.”