வாக்கியம் கேட்க வந்தவள்

“‘மருமகள் மாமியாரை அடித்தாள்.’ இந்த வாக்கியம் காதுக்குச் சரியா இருக்காம்மா?”

வாசலில் வந்து நின்ற பெண் இப்படிக் கேட்டதும் பரிபூரணம் உஷாரானாள். ராஜபாளையத்து மாப்பிள்ளை வீட்டார் ஞாயிறன்று பெண் பார்க்க வருகிறார்கள். அதற்கு முன்னால் பெண்ணைப் பற்றி விசாரிக்கச் சத்தமில்லாமல் ஆள் அனுப்புவார்கள் என்பது ஸ்ரீவில்லிபுத்தூரில் யாருக்குத் தெரியாது?

“எங்க வீட்ல யாரும் யாரையும் அடிக்க மாட்டோம்.”

“‘மாமியாரை அடித்தாள் மருமகள்’னு மாத்திச் சொன்னா?”

“எப்படி மாத்துனாலும் எம்மக பாண்டிசெல்வி எறும்பைக்கூட மிதிக்க மாட்டா.”

சிவரஞ்சனி என்ற அந்தப் பெண் செல்போனில் ஏதோ குறித்துக்கொண்டாள். மொழியியல் ஆராய்ச்சியாம். கம்ப்யூட்டர் சரி என்று சொல்லும் வாக்கியம், பேசுகிற சனங்களுக்கும் சரியாகப் படுகிறதா என்று பார்க்கிறார்களாம். கதை விடுவதற்கும் ஓர் அளவு வேண்டாமா?

அவள் தெருமுனை தாண்டியதும், பக்கத்துக் குன்றின் மேலிருக்கும் பெருமாளைக் கும்பிடப் போகிற வழியில் தண்ணீர் கேட்டு வந்த ஓர் அம்மாளிடம் பரிபூரணம் கொட்டித் தீர்த்தாள்.

“வேவு பாக்க வந்தவக்கா அவ. நானா சிக்குவேன்? பாண்டிசெல்வி பத்து மணிக்குத்தான் எந்திரிப்பா. வாயைத் தொறந்தா தெருவே கேக்கும். அதையெல்லாம் அவகிட்ட மூச்சு விடுவேனா?”

“விடலாமா?” என்று சிரித்தபடி அந்த அம்மாள் செம்பைத் திருப்பிக் கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டு வேன் வந்து நின்றது. தண்ணீர் கேட்ட அம்மாள்தான் முதலில் இறங்கினாள். மாப்பிள்ளையின் அத்தையாம்.

அதே சிரிப்பு.

“பொண்ணு எந்திரிச்சிட்டாளா, மதினி?”