முப்பது நாள் வானிலை

"மூச்சை அந்தப் பக்கமா விடுங்க மாஸ்டர். அரை டிகிரி ஏறிப்போச்சு பாருங்க!"

வேலாயுதம் வெப்பமானியை விட்டுச் சட்டென்று பின்வாங்கினார். சாயப்பட்டறை அவருடையது. மூங்கில் கழிகளில் காயும் பட்டு நூலும் அவருடைய பொறுப்பு. ஆனால் சாயங்காலம் நாலு மணி ஆகிவிட்டால் அதிகாரமெல்லாம் ஜீவிதாவுடையது.

கல்லூரியில் புவியியல் முதல் வருஷம் படிக்கிற பெண். 'வானிலையும் காலநிலையும்' பாடத்துக்கு முப்பது நாள் ஒரே இடத்தில் அளந்து எழுத வேண்டுமாம். "மரம், மாடி எதுவும் மறைக்காத இடம் பெரிய காஞ்சிபுரத்துல உங்க பட்டறைதான் மாஸ்டர்" என்று சொல்லிக்கொண்டே வந்து, ஒரு பாட்டிலும் புனலுமாக மழைமானியை நட்டுவிட்டாள். இன்று முப்பதாவது நாள்.

"நாளைக்கு இந்த அட்டவணையைக் குடுத்துட்டா முடிஞ்சுது. உங்களுக்கும் விடுதலை" என்றவள் அவர் முகத்தை அண்ணாந்து பார்த்தாள். "ஆனா வானத்துல ஒரு மேகம் இல்ல, உங்க மூஞ்சில மட்டும் எட்டுக்கு ஏழு பங்கு மூடிக்கினு இருக்குதே?"

"எனக்கும் இன்னிக்குதாம்மா கெடு முடியுது."

அந்தக் கதை அவளுக்குத் தெரியும். கேட்டுக் கேட்டே அவரிடமிருந்து கறந்துவிட்டாள். இரண்டு தங்கைகளைக் கரையேற்றி நிமிர்வதற்குள் வேலாயுதத்துக்கு நாற்பத்து மூன்று ஆகிவிட்டது. நூல் கடையில் வேலை பார்க்கும் கமலவேணி, கணவனை இழந்து எட்டு வருஷமாகத் தனியாக நிற்பவள். நூல் வாங்கப் போன இடத்தில், ஒரு நாள் எப்படியோ தைரியம் வந்து, "என்னைக் கல்யாணம் பண்ணிக்க சம்மதமா?" என்று கேட்டேவிட்டார். அவள் பேச்சும் அளந்துதான் வரும். "வீட்டுல ஒரு பெரிய மனுஷி இருக்குது. அது சரின்னு சொன்னாதான். ஒரு மாசம் பொறுங்க." அதற்குமேல் ஒரு வார்த்தை இல்லை; வீட்டில் யார் யார் என்றுகூடச் சொல்லவில்லை.

"மாமியாராதான் இருக்கும்" என்றார் வேலாயுதம். "மருமகளுக்கு இன்னொரு கல்யாணம்னா எந்த மாமியார் தலையாட்டும்? அதுவும் ஒரு தடவைகூட வந்து என்னைப் பாக்கல. வந்து பாத்தாதானே நான் எப்பிடிப்பட்டவன்னு தெரியும்?"

"தடி ஊணிக்கினு வரணுமே, பாவம். லேட்டாவும்."

"உனக்குச் சிரிப்பா இருக்குது."

"சரி, ஒரு நாள் வந்து பாத்துட்டா மட்டும் என்னா தெரியும்? எங்க மிஸ் முதல் கிளாஸ்லயே சொல்லிட்டாங்க. இன்னிக்கு வெயிலா மழையான்னு பாக்கறது வானிலை. முப்பது வருஷம் பாத்து, இந்த ஊரே இப்பிடித்தான்னு சொல்றது காலநிலை. இப்ப நான் கிண்டல் பண்றேன், நீங்க பொறுத்துக்கறீங்க. அது வானிலை. எப்பவும் பொறுத்துப்பீங்களா? அது காலநிலை."

சாயத் தொட்டியில் நூலை முக்கிக்கொண்டிருந்த மேரி திரும்பினாள். "மாஸ்டரோட காலநிலையை என்னைக் கேளும்மா. பதினோரு வருஷமா பாக்கறேன். அன்னிக்கு அரக்கு போடச் சொன்ன நூலுக்கு நான் கத்திரிப்பூ கலரைப் போட்டுட்டேன். ஒரு இடி இல்ல, மின்னல் இல்ல."

"அது பதினேழாம் நாள், அக்கா" என்றாள் ஜீவிதா, அட்டவணையைப் பார்க்காமலே.

வேலாயுதத்தின் நினைப்பு வேறெங்கோ இருந்தது. "ஒருவேளை வரச் சொல்லிட்டா, வெறுங்கையோட போக முடியுமா? பல்லு இருக்குதோ இல்லியோ. என்னா வாங்கிக்கினு போறது?"

"ஐஸ்கிரீம் வாங்குங்க. பல்லே வேணாம்."

"கிழவிக்கு ஐஸ்கிரீமா?"

"பட்டர்ஸ்காட்ச். வேற எதையாவது வாங்கித் தொலைச்சுடாதீங்க."

சொல்லிவிட்டு மழைமானியைத் தூக்கிப் பார்த்து, பூஜ்யம் என்று எழுதினாள். ஏதோ யோசித்து இன்னும் இரண்டு வார்த்தை சேர்த்தாள். பிறகு அந்த நீளமான தாளை அவரிடம் நீட்டினாள்.

"படிச்சுப் பாருங்க மாஸ்டர். தப்பா எழுதிட்டேன்னு அப்புறம் யாரும் சொல்லக் கூடாது."

வெப்பம், ஈரப்பதம், காற்று, மழை என்று கட்டம் கட்டமாக எண்கள். அதெல்லாம் அவருக்குப் பிடிபடவில்லை. கடைசிக் கட்டத்தில் 'குறிப்பு' என்று இருந்ததைப் படித்தார்.

'9ஆம் நாள்: மழையே இல்லை, மானியில் ரோஸ் நிறத் தண்ணீர். ஈர நூலைத் தான்தான் உதறியதாக உடனே ஒப்புக்கொண்டார்.'

'17ஆம் நாள்: அரக்கு, கத்திரிப்பூ ஆயிற்று. இடி இல்லை.'

'24ஆம் நாள்: நல்ல மழை. இருந்த ஒரே குடையை எனக்குக் கொடுத்துவிட்டு நனைந்துகொண்டே நூலை உள்ளே எடுத்து வைத்தார்.'

'30ஆம் நாள்: வானம் தெளிவு.'

வேலாயுதம் தலையைச் சொறிந்தார். "இதெல்லாமாம்மா உங்க மிஸ் கேட்டாங்க?"

ஜீவிதா தாளை வாங்கி, கடைசிக் கட்டத்தை மட்டும் மடித்து நேராகக் கிழித்து, பத்திரமாகப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

"இது காலேஜுக்கு இல்ல மாஸ்டர், வீட்டுக்கு. நாளைக்கு மறக்காம பட்டர்ஸ்காட்ச் வாங்கிக்கினு வந்துடுங்க. முப்பது நாள் வானிலையை நான் பாத்துட்டேன், முப்பது வருஷத்துக்குக் காலநிலையை நீ பாத்துக்கோ அம்மான்னு கமலவேணிகிட்ட இன்னிக்கே சொல்லிடறேன்" என்றாள், அந்த வீட்டுப் பெரிய மனுஷி.