ஏழு மில்லிமீட்டர்

இருநூற்று நாற்பத்தைந்து.

அப்படி வர வழியே இல்லை.

தரையில் விரித்த வெள்ளைத்தாளின் மேல், குதிகாலைச் சுவரில் ஒட்டி அவள் நின்றுகொண்டிருந்தாள். கையில் பென்சிலோடு கணவன் அவள் காலடியில் மண்டியிட்டிருந்தான். பெருவிரலுக்கு முன்னால் அவன் போட்ட கோட்டை இருவரும் வெறித்துப் பார்த்தார்கள்.

அவள் சர்வேயர். இதுதான் எல்லை என்று அவள் காட்டிய இடத்தில் கல்லை நட்டுவிட்டால், அரிவாளைத் தூக்கிக்கொண்டு நின்ற அண்ணன் தம்பிகள்கூட வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். பதினோரு வருடத்தில் அவள் போட்ட கணக்கை ஒருவரும் தப்பென்று சொன்னதில்லை.

திங்கட்கிழமை வேலைக்குத் திரும்ப வேண்டும். மூன்று மாத விடுப்பு முடிகிறது. நேற்றுச் சாயங்காலம் வேலை பூட்ஸை எடுத்துத் தூசி தட்டிப் போட்டுப் பார்த்தாள். இரண்டு காலும் உள்ளே போக மாட்டேன் என்று அடம்பிடித்தன. சும்மா கிடந்ததில் தோல் சுருங்கிவிட்டது போல என்று நினைத்தாள். சரி, புதிது வாங்கிக்கொள்ளலாம்.

அளவு நோட்டில் இருந்தது. மூன்று வருடத்துக்கு முன் அவளே அளந்து, அவள் கையெழுத்தில் எழுதியது. இருநூற்று முப்பத்தெட்டு.

இருந்தாலும் அளந்து பார்க்காமல் எதையும் நம்புகிற பிறவி இல்லை அவள். அங்கேதான் வந்தது வினை.

"நீங்க பென்சிலைச் சாய்ச்சுப் பிடிக்கிறீங்க."

"நீ குனிஞ்சு குனிஞ்சு பாக்குற. குனிஞ்சா கால் நகரும்ல?"

அவன் பஸ் ஓட்டுகிறவன். முப்பத்தைந்தடி நீள வண்டியை ஒரு முழ இடைவெளியில் நுழைத்து எடுப்பவனுக்கு ஒரு பென்சிலை நேராகப் பிடிக்கத் தெரியாதா? அவன் ரோஷத்தோடு இன்னொரு கோடு போட்டான். முதல் கோட்டின் மேலேயே விழுந்தது.

பிறகு சுவரின் மேல் சந்தேகம் வந்தது. அடியில் ஒட்டியிருந்த ஓடு சுவரைவிட்டு வெளியே துருத்திக்கொண்டிருந்தது. தாளைத் தூக்கிக்கொண்டு பீரோவின் பக்கவாட்டுக்குப் போனார்கள். குதிகாலை இரும்பில் ஒட்டி நின்றாள்.

இருநூற்று நாற்பத்தைந்து.

நேற்று அளந்தபோது சாயங்காலம். நின்று நடந்து கால் வீங்கியிருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டார்கள். இன்று படுக்கையை விட்டு எழுந்ததும் முதல் வேலையாக இதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள். இன்னும் காப்பிகூடப் போடவில்லை.

ஸ்கேல் தேய்ந்துபோயிருக்குமோ? வேலைப் பையிலிருந்து எஃகு டேப்பை எடுத்தாள். அதுவும் அதையேதான் சொன்னது.

"நீங்க நில்லுங்க" என்றாள்.

அவன் நின்றான். இப்போது அவள் மண்டியிட்டாள். அன்றைக்கு விளையாட்டாக அவன் காலையும் அளந்து அதே பக்கத்தில் எழுதியிருந்தாள், இருநூற்று அறுபத்திரண்டு என்று. இன்றைக்கும் இருநூற்று அறுபத்திரண்டுதான். மயிரிழை மாறவில்லை.

ஆக, சுவர் சரி. டேப் சரி. பென்சில் பிடித்த கையும் சரி.

அவள் கால்தான் வளர்ந்திருக்கிறது.

"முப்பத்தாறு வயசுல யாருக்காவது கால் வளருமாங்க?"

உடம்பு போட்டிருக்குமோ என்று சொல்ல வாயெடுத்த அவன், அப்படியே மூடிக்கொண்டான். இந்த மூன்று மாதத்தில் பாதிச் சாப்பாட்டில் எழுந்துபோகிறவள் அவள். வளையல் முழங்கை வரை ஏறி இறங்குகிறது. எல்லாம் வற்றிக்கொண்டு வரும்போது பாதம் மட்டும் எங்கிருந்து வளரும்?

அவனுக்கும் ஒன்றும் புரியவில்லை. கடைசியில் கடைக்கே போன் போட்டுக் கேட்டுவிடலாம் என்றான்.

பூட்ஸ் கடையில் ஒரு பெண் எடுத்தாள். பழைய அளவு, புது அளவு, சுவர், பீரோ, டேப் என்று இவள் ஒப்பித்த அத்தனையையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். பிறகு சாதாரணமாகக் கேட்டாள்:

"சமீபத்துல குழந்தை பிறந்துச்சா மேடம்?"

ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் அவனுக்கும் கேட்டது. போனை அணைக்கக் கையை நீட்டினான். அவள் அதை நெஞ்சுப் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"ஆமா."

"அதான் பாத்தேன். வயித்துல சுமக்கும்போது பாதம் நீண்டுடும் மேடம். நிறைய பேருக்கு அது திரும்பிப் போறதே இல்ல. என் பழைய செருப்பெல்லாம் என் தங்கச்சி போட்டுக்கிட்டுத் திரியுறா. நீங்க அளந்தது சரிதான். புது அளவையே எழுதிக்கிறேன். என்ன குழந்தை மேடம்?"

இந்த மூன்று மாதத்தில் வீட்டுக்கு வந்தவர்கள் எவ்வளவோ பேசினார்கள். உடம்பைப் பார்த்துக்கோ என்றார்கள். எல்லாம் மறந்துபோகும் என்றார்கள். அவளுடைய அக்கா வந்து தொட்டிலைக் கழற்றி எடுத்துப்போனாள். இதை மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

"பொண்ணு."

"அடடா, மகாலட்சுமி! எவ்வளவு நாள் ஆகுது பாப்பாவுக்கு?"

"ரெண்டு நாள்."

அவள் பொய் சொல்லவில்லை. பாப்பாவின் வயது அவ்வளவுதான். அதற்கு மேல் கூடவில்லை.

"ரெண்டு நாள்தானா? பச்சை உடம்பை வச்சுக்கிட்டு நின்னு கால் அளந்துக்கிட்டு இருக்கீங்களே! முதல்ல போய்ப் படுங்க மேடம். பூட்ஸ் எங்கயும் ஓடிப்போகாது."

"சரி" என்றாள் அவள்.

போனைக் கணவன் கையில் கொடுத்துவிட்டுப் போய்ப் படுத்தாள்.