பக்கத்தில் இன்னொரு விண்டோ

“யாரைக் கேட்டு இதை மாத்தினே?”

நான் போட்ட சத்தத்தில் கடையில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சாப்பிட்டுவிட்டு வந்த டைப்பிஸ்ட், கழுவின டப்பா கையில் சொட்டச் சொட்ட அப்படியே நின்றாள்.

“எதை சார்?”

“எதையா? இந்த மெயிலை! புது மெயில்னு அமுக்கினா இத்தனை வருஷமா எங்கே திறந்துச்சு? அதே இடத்துல, அடக்க ஒடுக்கமா திறந்துச்சு. இப்ப என்னடான்னா தனியா ஒரு ஜன்னல் எகிறிக் குதிக்குது. கதவு ஜன்னல் விக்கிறவனுக்கே ஜன்னல் காட்டுறியா?”

எனக்கு டைப் அடிக்க வராது. அவள் நாற்காலிக்குப் பின்னால் நடந்துகொண்டே நான் சொல்வேன், அவள் அடிப்பாள். மூட்டை தூக்கி மேலே வந்தவன் நான். பணிந்து பேசினால் எதிராளி ஏறி மிதிப்பான் என்பது அடிபட்டுத் தெரிந்துகொண்டது. ‘என் மெயில் ஒண்ணு போனா போதும், அவனவன் தானா வழிக்கு வருவான்’ என்று கடையில் தினமும் மார்தட்டுவேன். வழிக்கு வரத்தான் செய்தார்கள்.

இன்றைக்கு அவள் சாப்பிடப் போன நேரத்தில், அவசரத்துக்கு ரெண்டு வரி தட்டலாம் என்று நானே உட்கார்ந்தேன். அதுதான் வினை. குதித்து வந்த ஜன்னலை மூடினால் அதன் பின்னால் இன்னொன்று. சரக்கு ஏற்றி வந்த வண்டி கவிழ்ந்து என் கண்ணாடி முழுக்க நொறுங்கிப்போனதற்காக, அதை அனுப்பின கண்ணாடிக்காரருக்கு நேற்று நான் சொல்லி அவள் அடித்த மெயில். அனுப்பப்படவே இல்லை.

“இதை நேத்தே அனுப்பச் சொன்னேனா இல்லையா?”

“சொன்னீங்க சார்.”

“போயிடுச்சான்னு கேட்டப்ப தலையை ஆட்டினியே?”

“மெயில் போயிடுச்சு சார்.”

“போனது எப்படி இங்கேயே பல்லைக் காட்டிட்டு நிக்குது?”

டப்பாவை மேஜை ஓரத்தில் வைத்தாள். “ரெண்டு மெயிலைப் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்க்கணும்னுதான் சார் செட்டிங்ல மாத்தினேன்...”

“ரெண்டாவது மெயில் யாருக்கு? வேற இடத்துக்கு வேலை கேட்டு எழுதிப் போடுறியா?”

அவள் தலை குனிந்தது. எனக்கு அது போதும்.

“விடுங்க சார், பழைய ஆளு...” என்று இழுத்தார் ஸ்டோர் கீப்பர்.

“பழைய ஆளுக்குத்தான்யா எங்கே குழி பறிக்கலாம்னு தெரியும். நீ உன் வேலையைப் பாரு. ஏம்மா, பீரோ சாவியை வெச்சுட்டுக் கிளம்பு. நாளையிலேருந்து வர வேண்டாம்.”

“சார்... வீட்டுல சம்பாதிக்கிறது நான் ஒருத்திதான்.”

“அந்த நினைப்பு சொன்னதை அனுப்பாதப்ப எங்கே போச்சு?”

பையைத் துழாவிச் சாவியை எடுத்து மேஜையில் வைத்தாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அந்த நேரம் பார்த்து வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. இறங்கியவர் கண்ணாடிக்காரரேதான். பன்னிரண்டு வருஷமாக என்னோடு ஃபோனில் மல்லுக்கு நிற்கிற மனுஷன், நேராக வந்து என் கை ரெண்டையும் பிடித்துக்கொண்டார்.

“வண்டி கவுந்ததுலேருந்து ஏழெட்டு மெயில் வந்துச்சு சார். எல்லாரும் கண்ணாடியைத்தான் கேட்டாங்க. நீங்க ஒருத்தர்தான் ‘வண்டி ஓட்டினவருக்கு அடி பட்டுச்சா, இப்ப எப்படி இருக்கார்’னு கேட்டிருந்தீங்க.”

எனக்கு ஒன்றும் ஓடவில்லை.

“ஓட்டினது என் பெரிய பையன் சார். கால்ல கட்டுப் போட்டிருக்கு, பிழைச்சுக்கிட்டான். உங்க மெயிலை அவனுக்குப் படிச்சுக் காட்டினேன். ‘முதல் லோடை அவருக்குக் குடுத்துட்டு வாப்பா’ன்னு அவன்தான் துரத்திவிட்டான்.”

பேசிக்கொண்டே டைப்பிஸ்டின் நாற்காலியை இழுத்து உட்காரப் போனார். நாற்காலிக்கு நேர் எதிரே கம்ப்யூட்டர். அதில் நான் சொல்லி அவள் அடித்த மெயில், என் பெயரோடு, பெரிதாக. முதல் வரியே: ‘வண்டி ஓட்டின அந்தக் குருட்டுக் கழுதையை முதல்ல அடிச்சுத் துரத்து.’

மறைக்க ஓர் எட்டு வைத்தேன்.

“ஒரு நிமிஷம் சார்” என்று குறுக்கே கை நீட்டினாள் அவள். ஒரே தட்டு. அந்த ஜன்னல் மறைந்தது.

அவர் தண்ணீர் வாங்கிக் குடித்தார். போகும்போது கேட்டார், “இவ்வளவு பதமா எழுத எங்கே சார் கத்துக்கிட்டீங்க? ஃபோன்ல பேசினா நீங்க வேற ஆளா இருக்கீங்களே!”

சந்தையையே விலை பேசுகிற வாய் எனக்கு. ஈ என்று இளித்துவைத்தேன்.

வேன் கிளம்பியது. அவள் டப்பாவைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். மேஜையில் கிடந்த சாவியை ஒற்றை விரலால் அவள் பக்கம் தள்ளினேன். நிமிர்ந்து பார்க்கத் தெம்பில்லை.

“எத்தனை நாளாம்மா இது?”

“விண்டோவை மாத்தினது போன மாசம்தான் சார், சரிபார்க்க வசதியா இருக்குமேன்னு.” குரல் இறங்கியது. “மெயிலை மாத்துறது, நான் வேலைக்குச் சேர்ந்த மறுநாள்லேருந்து.”