ஐம்பது கிலோ

அரசு மானியத்தில் வாங்கிய மின்சாரக் கார் இரண்டு பேர் ஏறினால்தான் கிளம்பும். காலி இருக்கைக்கு மக்கள் வரிப்பணம் எதற்கு என்று சட்டம் போட்டிருந்தார்கள். மனைவி செலின் இறந்த நாளிலிருந்து பாளையங்கோட்டை ஜெபராஜின் கார் வாசலிலேயே நின்றது.

"அரிசி மூட்டைய வச்சு பெல்ட்ட மாட்டுங்க அண்ணாச்சி. ஊருல பாதிப்பேரு அப்படித்தான ஓட்டுதாவ," என்றாள் எதிர்வீட்டு முத்துப்பேச்சி.

ஜெபராஜ் இருபத்தைந்து கிலோ மூட்டைகள் இரண்டைச் செலினின் இருக்கையில் அடுக்கி, பெல்ட்டை மாட்டினார்.

"வணக்கம், செலின்," என்றது கார். அவள் முட்டிவலிக்குத் தோதாக இருக்கை தானே பின்னால் நகர்ந்தது.

எடையை வைத்துத்தான் அது ஆளை அறியும். நோயில் அவள் முப்பத்தெட்டு கிலோவாக மெலிந்துபோன கடைசி மாதங்களில், ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போதெல்லாம் அவளிடமே, "புதிய பயணியா? பெயர் சொல்லுங்கள்," என்று கேட்டது.

"இது என்னைய மறந்துட்டு, பாத்தியளா," என்று ஒவ்வொரு தடவையும் அவள் சிரித்தாள்.

"எங்கே போகலாம், செலின்?" என்றது கார் இப்போது.

போகும் இடத்தை எப்போதும் அவள்தான் சொல்வாள். ஜெபராஜ் மூட்டையைப் பார்த்தபடி காத்திருந்தார்.