நனைமூட்டை

டீச்சரைப் பார்க்க வக்கீலுக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் பாவம் பார்த்தால் பஞ்சாயத்து நடக்குமா?

வருடக்கணக்காக உழைத்துத் தொகுத்த அகராதி என்கிறார் டீச்சர். பேராசிரியரின் அகராதியோ அதற்கு முன்பே வெளிவந்து சக்கைப்போடு போடுகிறது. இரண்டும் அச்சு அசலாக ஒன்று. கோர்ட்டுக்குப் போகாமல் பேசித் தீர்க்க இருவரும் வக்கீலின் அறைக்கு வந்திருந்தார்கள். டீச்சர் திருடியது உறுதியானால் அவருடைய புத்தகங்கள் மொத்தமும் பழைய பேப்பர் கடைக்குப் போகும்.

"அணிந்துரை வேணும்னு என் வீட்டுப் படியேறி வந்தவங்க சார் இந்தம்மா!" பேராசிரியர் பொரிந்து தள்ளினார். "காபி கொடுத்து உபசரிச்சேன். மேஜை மேல இருந்த குறிப்பையெல்லாம் சுருட்டிட்டுப் போயிட்டாங்க."

டீச்சர் கைக்குட்டையைப் பிசைந்துகொண்டிருந்தார். "ஒரே ஒரு சொல்லை மட்டும் பார்த்துடலாம் சார். நனைமூட்டை."

பேராசிரியர் ஒரு கணம் விழித்தார். வக்கீல் அவருடைய அகராதியைப் புரட்டினார்.

"நனைமூட்டை. ஏமாற்றுக்காரன், நாணயம் இல்லாதவன். எடை கூடுவதற்காகப் பருத்தி மூட்டையை நனைத்து விற்றவர்களைக் குறித்து வந்த சொல்."

"அதேதான்!" பேராசிரியருக்கு உயிர் வந்தது. "சந்தை சந்தையா அலைஞ்சு, ஒரு தரகர் வாயால நானே கேட்டு எழுதினது சார். இவங்க புத்தகத்தையும் பிரிச்சுப் பாருங்க, அப்படியே இருக்கும்."

பிரித்தார். அப்படியேதான் இருந்தது. இவ்வளவு படித்த அம்மா இப்படிக் கையும் களவுமாக மாட்டிக்கொண்டாரே என்று வக்கீலுக்கு வருத்தமாகிவிட்டது.

"என்னம்மா இது? நீங்களே குழி வெட்டி நீங்களே விழுந்துட்டீங்களே!"

டீச்சர் பேராசிரியரைப் பார்த்தார். "இந்தச் சொல்லுக்குப் போட்டிருக்கிற எல்லாமே நீங்களே எழுதினதுதானே ஐயா?"

"ஒவ்வொரு எழுத்தும்!"

"அப்போ கீழே இருக்கிற எடுத்துக்காட்டையும் படிச்சிடுங்க சார். ஐயா புத்தகத்துல இருந்தே."

வக்கீல் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு உரக்கப் படித்தார்:

"அணிந்துரைக்குத் தந்த இந்தக் கையெழுத்துப் பிரதியைத் தன் பெயரில் அச்சடித்துக்கொண்டால், பேராசிரியர் சரியான நனைமூட்டை."